கீழே வைக்க முடியாத கிண்ணம்

என் மேசைமேல் ஒரு கிண்ணம் இருக்கிறது. இருக்கிறது என்று சொல்வதே சரியில்லை. அது இருக்க மறுக்கிறது. அடிப்பாகம் பந்துபோல உருண்டை. எப்படி வைத்தாலும் ஒரு முறை தலையாட்டிவிட்டுச் சாய்ந்துவிடும். பெரிய காய் ஒன்றை இரண்டாகப் பிளந்து, குடைந்து, உலர்த்தி, உட்புறத்தில் ஏதோ மரச்சாறு பூசிக் கறுப்பாக மெருகேற்றியிருக்கிறார்கள். வெளியே கத்திமுனையால் கீறிய வளைகோடுகள்: ஓர் ஆறும் அதன் கிளையாறுகளும். என் அறைத்தோழி பார்க்கப் பொறுக்காமல், பார்சல் ஒட்டும் டேப் வளையம் ஒன்றை அடியில் கொடுத்து அதை உட்கார வைத்தாள். அவள் அந்தப் பக்கம் போனதும் நான் வளையத்தை எடுத்துவிட்டேன். உட்காராமல் இருப்பதுதான் இந்தக் கிண்ணத்தின் வேலை. இதற்கு அக்கா என்று சொல்லத்தக்க இன்னொரு கிண்ணம், அந்த வேலையைச் சான் ரமோனிலும் லிவர்மோரிலும் ஃப்ரீமான்ட்டிலும் வீடுவீடாகச் செய்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

அந்த அக்கா கிண்ணத்தைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு வந்தவர் ஃபாதர். நாங்கள் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டதில்லை; மாதம் ஒரு முறை தமிழ்ப் பூசைக்குக் கூடும் எங்கள் சின்னக் கூட்டத்துக்கு அவர் ஒருவர்தான் ஃபாதர். கன்னியாகுமரிக் கடற்கரைக்காரர். கட்டுமரக் குடும்பத்தில் பிறந்து, துறவற சபை ஒன்றில் சேர்ந்து, சபை அனுப்பியதால் தென் அமெரிக்க மழைக்காட்டுக்குப் போய், பெரிய ஆற்றில் சேரும் ஒரு கிளையாற்றின் கரையில் வாழும் பழங்குடி மக்களோடு தம் வாலிபத்தின் முக்கால்வாசியைக் கழித்தவர். மழையில் ஊறிய ஆற்றங்கரையில் வழுக்கி விழுந்து முழங்கால் நொறுங்கிப்போனது. சபைக்காரர்கள் அவரைக் கலிபோர்னியாவுக்குக் கொண்டுவந்து, எங்கள் டாக்டர் ஆன்ட்டியின் கையில் ஒப்படைத்தார்கள். ஆன்ட்டி எலும்பு அறுவை நிபுணர். தூத்துக்குடியில் பிறந்து, சான் ரமோனில் வீடு வாங்கி, எங்கள் தமிழ்ப் பூசைக்குத் தலைவி, பொருளாளர், பலகாரப் பொறுப்பாளர் எல்லாமாக இருந்தவர். முட்டியைப் பிளந்து ஒட்டவைத்த கையோடு, ஃபாதரை எங்கள் பங்கின் குருமனையில் தங்கவும் வைத்துவிட்டார்.

எனக்கு அப்போது அமெரிக்கா வந்து ஓராண்டுகூட ஆகவில்லை. இரண்டாயிரம் பிறந்ததும் கணினிகள் எல்லாம் தேதி தெரியாமல் பேந்தப்பேந்த விழிக்கும் என்று உலகமே நடுங்கிக்கொண்டிருந்த காலம். அந்த நடுக்கத்தின் புண்ணியத்தில் திருச்சியிலிருந்து கிளம்பிய நான் சான் ரமோன் ஆபீஸ் பார்க்கில் உட்கார்ந்து, என் வயதைவிட மூத்த புரோகிராம்களைத் தட்டிக்கொட்டிக்கொண்டிருந்தேன். வார நாட்களில் அந்த வேலை. வார இறுதியில் எதைப் பார்த்தாலும் ஆசை: ஸ்பானிஷ் வகுப்பு, மலையேற்றம், மண்பாண்டம் வனைதல், எதையும் முடித்ததில்லை. லைசன்ஸ் வாங்கி, பழைய கொரோலா ஒன்றும் வாங்கியிருந்தேன். ஆன்ட்டி ஒரு பூசை முடிந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டார். "வீக்கெண்ட்ல நீ சும்மாதானம்மா சுத்திட்டிருக்க. ஃபாதருக்கு வீடுங்க விசிட் பண்ணணுமாம். டிரைவ் பண்ணி கூட்டிட்டுப் போறியா?" மழைக்காட்டில் வாழ்ந்த மனிதர் என்றதும் நான் கேள்வி முடிவதற்குள் தலையாட்டிவிட்டேன்.

முதல் சனிக்கிழமையே, நான் என் ஆர்வத்துக்கேற்ப எல்லா வீடுகளுக்கும் போன் செய்து, நேரம் குறித்து, கணினியில் அட்டவணை போட்டு அச்செடுத்துக் கொண்டுபோயிருந்தேன். ஃபாதர் அதை வாங்கிப் பார்த்தார், அழகாக இருக்கிறது என்று பாராட்டினார், நான்காக மடித்து வெயிலுக்கு விசிறிக்கொண்டார். "மக்கா, நான் போன் பண்ணிட்டுப் போனா அவங்க எனக்காக வீட்டைக் கூட்டி வச்சிருப்பாங்க. நான் பாக்கப் போறது கூட்டி வச்ச வீட்டை இல்ல, கேட்டியா." அவர் இருந்த இடத்தில் ஊருக்கு ஊர் ஆறுதான் பாதை. வருடத்தில் இரண்டு முறை, தண்ணீர் ஏறும்போது ஒன்று, இறங்கும்போது ஒன்று, படகில் ஏறிக் கிளையாறு முழுக்க மேலே போவார். எந்த ஊருக்கு எந்த நாளில் சேர்வார் என்பது மழைக்கும் மோட்டாருக்கும்தான் தெரியும். சேர்ந்த வீட்டில் உட்கார்வார். அவ்வளவுதான் தொடக்கம். ஞானஸ்நானம், திருமணம், பாவசங்கீர்த்தனம், செத்தவர்களுக்கான பூசை எல்லாம் உட்கார்ந்ததற்குப் பிறகு தானாக நடக்கும்.

ஆகவே நாங்களும் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பினோம். 680 நெடுஞ்சாலையில் நான் ஏறியபோதெல்லாம் ஃபாதர் கதவுக்கு மேலிருக்கும் கைப்பிடியை ஒரு கையாலும் ஜெபமாலையை மறுகையாலும் பிடித்துக்கொள்வார். சுழலும் பாறையும் நிறைந்த ஆற்றில் மரப்படகு ஓட்டுகிறவர், என் கொரோலாவில் கண்ணை மூடிக்கொண்டு வருவார். "இந்த ஆத்துல நான் ஜெபம் சொல்லாம வந்ததே இல்ல மக்கா" என்பார். நெடுஞ்சாலைகளை அவர் ஆறென்றேதான் சொன்னார். பக்கத்து ஊரான டப்ளினில் 680-உம் 580-உம் சந்திக்கும் பாலத்துக்கு அவர் வைத்த பெயர் கூடுதுறை. காலையில் மலைக்கு அந்தப் பக்கமிருந்து வேலைக்கு வருகிறவர்களின் கார்கள் மேற்கே ஓடுவதும், மாலையில் அதே கூட்டம் கிழக்கே திரும்புவதும் அவருக்குப் பெரிய வேடிக்கை. "கடலுக்குப் போற ஆறு பாத்திருக்கேன். கடலுக்குப் போயிட்டு வீட்டுக்கு வாற ஆறு இப்பதான் பாக்குதேன்."

நாங்கள் முதலில் இறங்கிய வீடு ஃப்ரீமான்ட்டில் யாழ்ப்பாண அங்கிளுடையது. அவர் கணக்காளர், சைவர். மனைவி கத்தோலிக்கர் என்பதால் தமிழ்ப் பூசைக்கு வந்து கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கதவைத் திறந்தவர் வெள்ளை அங்கியில் பாதிரியாரைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டார். "ஐயோ ஃபாதர், ஆருக்கு என்ன நடந்தது?" உள்ளேயிருந்து அவர் மனைவி, கையில் மாவோடு, அழத் தயாராக ஓடிவந்தார். அமெரிக்காவில் போன் செய்யாமல் ஒரு பாதிரியார் வீட்டு வாசலில் நின்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான் என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது. ஒன்றும் நடக்கவில்லை, சும்மா வந்தோம் என்று நான் சொல்லச் சொல்ல அவர்கள் நம்பவில்லை. நான் ஏதோ மறைப்பதாக நினைத்து, நாற்காலியில் உட்கார்ந்து, மெதுவாகச் சொல்லும்படி என்னிடம் கெஞ்சினார்கள். அதற்கடுத்து நாங்கள் போன ஒவ்வொரு வீட்டிலும் இதே கூத்துதான். கடைசியில், கதவு திறந்ததும் ஃபாதர் முந்திக்கொண்டு "எல்லாரும் உயிரோட இருக்காவ!" என்று கத்திவிட்டுத்தான் உள்ளே நுழைவார்.

உள்ளே போனதும் பையிலிருந்து கிண்ணம் வெளியே வரும். வீட்டில் இருப்பதை அதில் ஊற்றித் தரச் சொல்வார். காபி, மோர், ரசம், ஆப்பிள் ஜூஸ், எதுவானாலும் சரி. அவர் கொஞ்சம் குடித்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுப்பார், அப்படியே சுற்றிவரும். காட்டில் அந்த மக்கள் அதில் குடிப்பது மரவள்ளிக்கிழங்கை வேகவைத்து, மென்று, புளிக்கவைத்த பானம். வீட்டுப் பெண்கள்தான் மென்று தயாரிப்பார்கள் என்று அவர் சொன்னபோது, ஆன்ட்டியின் கல்லூரி போகும் மகள் "ஈவ், ஃபாதர்! நோ வே!" என்று சோபாவில் சுருண்டுபோனாள். ஃபாதருக்கு அந்த அருவருப்பு இருந்ததே இல்லையாம். எங்கள் ஊரில் மரச்சீனியும் கருவாடும் தின்று வளர்ந்தவன் நான், நம் ஊருக்கு அந்தக் கிழங்கே அந்தப் பக்கத்திலிருந்துதானே கப்பலேறி வந்தது, நான் பெண் எடுத்த ஊருக்குப் போன மாதிரிதான் போனேன் என்பார். பாதிரியார் வாயில் வரக்கூடிய உவமையா அது என்று ஆன்ட்டி முறைப்பார்.

அந்த வட்டக் கிண்ணம் கைக்கு வந்தால்தான் அதன் தந்திரம் தெரியும். இரண்டு கையாலும் ஏந்த வேண்டும். கீழே வைக்க முடியாது. டிவி ரிமோட்டை எடுக்க முடியாது, கடிகாரத்தைத் திருப்பிப் பார்க்க முடியாது, இடுப்பில் துடிக்கும் பேஜரை அழுத்த முடியாது. குடித்து முடித்துக் கைமாற்றும்வரை இருக்கும் இடத்தில் இருக்க வேண்டியதுதான். இருந்தால் ஏதாவது பேச வேண்டியதுதான். யாழ்ப்பாண அங்கிள் அன்று பால் ஊற்றாத தேநீரோடு அதை ஏந்திக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இது எங்கட திருவோடு எல்லோ ஃபாதர்! அதே காய்தான்" என்றார். பிறகு, பனையோலையை மடித்துச் செய்யும் பிளாவில், பனங்கிழங்கு மாவில் காய்ச்சிய ஒடியல் கூழ் குடித்தால் அதையும் இப்படித்தான் கீழே வைக்க முடியாது என்றார். கூழிலிருந்து பேச்சு, கூழ் காய்ச்சிய தமக்கைக்கு நகர்ந்தது. தமக்கை இப்போது நோர்வேயில். வந்து பார்க்கச் சொல்லிக்கொண்டே இருக்கிறாளாம். அவர் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். தேநீர் ஆறிப் பாலாடை போல ஏதோ படிந்தது. அடுத்த வீட்டுக்கு நேரமாகிறது என்று எனக்குள் அரித்துக்கொண்டிருந்த அட்டவணை, அந்தக் கூடத்தில் தானாகவே செத்துப்போனது.

ஒரே ஒருவர் மட்டும் அந்தக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டதில்லை: டாக்டர் ஆன்ட்டி. எத்தனை முறை அவர் வீட்டில் கூடினாலும், கிண்ணம் அவர் பக்கம் வருகிற சமயத்தில் குக்கர் விசில் அடிக்கும், ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வரும், யாருக்காவது சாம்பார் போதாமல் போகும். "நீங்க குடிங்க ஃபாதர், எனக்கு வேலை இருக்கு" என்று கணவரிடம் தள்ளிவிடுவார். அவர் கணவரை நாங்கள் லேப் அங்கிள் என்போம். லிவர்மோரில் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. என்ன ஆராய்ச்சி என்று கேட்டால் சிரிப்பார். அந்தச் சிரிப்போடு கிண்ணத்தை வாங்கி மனைவியின் பங்கையும் சேர்த்துக் குடிப்பார்.

ஃபாதர் காட்டைப் பற்றித் தானாகப் பேசுவது குறைவு. காரில் நான் குடைவேன். அப்படி வந்ததுதான் அந்த அம்மாவின் கதை. கிளையாற்றின் மேல்கோடியில் உள்ள ஊரில் ஒரு ஜெபத்தலைவி இருக்கிறார். பாதிரியார் இல்லாத மாதங்களில் ஞாயிற்றுக்கிழமை மக்களைக் கூட்டி விவிலியம் வாசிப்பது, பிள்ளைகளைத் தயார் செய்வது, சாகக் கிடப்பவர் பக்கத்தில் இருப்பது எல்லாம் அவர்தான். பெரிய கிண்டல்காரி. இவர் முதன்முதலில் அவர்கள் மொழியில் பிரசங்கம் வைத்தபோது, கோயிலில் எல்லாரும் அமைதியாகக் கேட்டு முடித்ததும், "ஃபாதர் இப்போது என்ன சொன்னார் என்றால்" என்று எழுந்து, முழுவதையும் மறுபடி சொன்னாராம். ஃபாதர் சொன்னதைவிட நன்றாக இருந்ததாம். "அதுக்கப்புறம் நான் சுருக்கமா முடிச்சிருவேன். அவ சொல்லுறதை நானும் உக்காந்து கேப்பேன்." முட்டி நொறுங்கி இவரைப் படகில் கிடத்தியபோது அந்த அம்மாதான் தன் வீட்டுக் கிண்ணத்தைக் கொண்டுவந்து இவர் நெஞ்சின்மேல் வைத்திருக்கிறார். தூரப் போகிறவரிடம் வீட்டுக் கிண்ணத்தைக் கொடுத்தனுப்புவது அவர்கள் வழக்கம். பரிசு இல்லை, இரவல். போனவர் கொண்டுவந்து திருப்பித் தரும்வரை அந்த வீட்டில் விருந்தாளிக்கு ஊற்ற ஒரு கிண்ணம் குறைவாகவே இருக்கும். புதிதாகச் செய்துகொள்ள மாட்டார்கள்.

இரவலுக்குக் கெடுவும் இருந்தது. அந்த மக்களின் காட்டுக்குள் வெளியாட்கள் புகுந்து மரம் வெட்டுவது பெருகியிருந்தது. தங்கள் நிலத்தின் எல்லையை ஊரே கூடி நடந்து, பாதை வெட்டி, மரங்களில் அடையாளம் பொறித்து வைப்பது என்று அவர்கள் முடிவு செய்திருந்தார்கள். ஆறு ஏறினால்தான் படகுகள் மேல்கோடிக்குப் போகும். ஆறு ஏறுவது புத்தாண்டுக்குப் பிறகு. அந்த நடைக்கு ஃபாதரும் வர வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். நான் உற்சாகமாக, நீங்கள் போய்த்தான் அதை நடத்த வேண்டுமா என்று கேட்டேன். "போ மக்கா" என்று சிரித்துவிட்டார். "எல்லை அவங்களுக்குத் தெரியும். எனக்கென்ன தெரியும்? நான் பின்னால நடப்பேன், சோறு பொங்குற இடத்துல பூசை வைப்பேன். வெளியாளு ஒருத்தன் கூட இருந்தா மரம் வெட்டுறவன் துப்பாக்கி எடுக்கக் கொஞ்சம் யோசிப்பான். அதுக்குத்தான் கூப்பிடுதாவ."

ஆனால் டாக்டர் ஆன்ட்டி கையெழுத்துப் போடாமல் சபை அவரை அனுப்பாது. ஆன்ட்டியோ ஒவ்வொரு பரிசோதனையிலும் முட்டியை மடக்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "இன்னும் ஒரு ஆறு மாசம் ஃபாதர். சேத்துல வழுக்கினீங்கன்னா என் வேலையெல்லாம் வேஸ்ட்." இன்னொரு பக்கம் ஆன்ட்டியே முன்நின்று, ஃபாதரை இங்கேயே நிரந்தரத் தமிழ்ப் பாதிரியாராக வைத்துக்கொள்வது என்ற திட்டம் மளமளவென்று வளர்ந்துகொண்டிருந்தது. மறைமாவட்டத்தில் பேசியாயிற்று, சபையிலும் மறுப்பில்லை. மாதம் ஒரு பூசை வாரம் ஒன்றாகும், பிள்ளைகளுக்குத் தமிழில் மறைக்கல்வி. உண்மையைச் சொன்னால் நாங்கள் எல்லாருமே அதற்கு ஏங்கினோம். ஃபாதருக்கென்று இணையப் பக்கம்கூட நான் தொடங்கிவிட்டேன். யாழ்ப்பாண அங்கிள் மட்டும் ஒரு நாள் ஆன்ட்டியிடம் பவ்வியமாகக் கேட்டார்: "டொக்டர், இந்த ஆறு மாசம் ஃபாதரின்ட முழங்காலுக்கோ, எங்களுக்கோ?" ஆன்ட்டி அவருக்குப் பாயசம் தராமல் விட்டுவிட்டார். ஃபாதர் வாதாடவில்லை. வந்தவர்களை எல்லாம் பார்த்துச் சிரித்தார். ஆனால் காரில், டப்ளின் கூடுதுறையைத் தாண்டும்போது, பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

அந்த நவம்பரில், தாங்க்ஸ்கிவிங் அன்று மதியம், ஆன்ட்டி வீட்டில் பெரிய விருந்து. வான்கோழிக்குச் செட்டிநாட்டு மசாலா தடவியிருந்தார் லேப் அங்கிள். எதிர் வீட்டு அமெரிக்க அம்மாவையும் அழைத்திருந்தார்கள். தனியாக இருப்பவர், தங்கமானவர். கிண்ணம் மோரோடு சுற்றி வந்தது. வழக்கம்போல ஆன்ட்டியைத் தாண்டியது. சுற்று முடிந்ததும் ஆன்ட்டி அதைக் கழுவி, வழக்கமான இடத்தில், அதாவது டிஷ்வாஷருக்குள் வைத்தார். நம் வீடுகளில் டிஷ்வாஷர் என்பது என்ன என்று தமிழர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அது ஒரு அலமாரி. கையால் கழுவியதை வடியவைக்கும் தட்டு. வீடு வாங்கிய நாள்முதல் அந்த வீட்டில் அதன் பொத்தானை யாரும் அழுத்தியதில்லை. சாய்ந்து விழாமல் கிண்ணத்தைத் தாங்க அதன் கம்பிகளைவிட நல்ல இடம் வீட்டில் வேறு இல்லை என்பதும் உண்மை.

விருந்து முடிந்து எல்லாரும் கூடத்தில் சீட்டாடிக்கொண்டிருந்தபோது, எதிர் வீட்டு அம்மா, நன்றி காட்டும் விதமாகச் சத்தமில்லாமல் சமையலறைக்குப் போய், இறைந்து கிடந்த தட்டுகளை அடுக்கி, சோப்பைப் போட்டு, பொத்தானை அழுத்திவிட்டார். சமையலறையில் ஏதோ உறுமும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை அந்த வீட்டில் யாரும் அதுவரை கேட்டதில்லை. "பூகம்பமா?" என்றார் லேப் அங்கிள். ஆன்ட்டிதான் முதலில் சீட்டை எறிந்துவிட்டு எழுந்தார். அதை எப்படி நிறுத்துவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அணுவைப் பற்றி ஏதோ ஆராய்ச்சி செய்கிறார் என்று நாங்கள் நம்பிய லேப் அங்கிள் ஒவ்வொரு பொத்தானாக அழுத்த, அது இன்னும் வெறியோடு சுற்றியது. ஒருவழியாகக் கதவைத் திறந்தபோது ஆவி கிளம்பி முகத்தில் அடித்தது. உள்ளே ஊறுகாய் ஜாடி, முறுக்கு உழக்கு, தேநீர் வடிகட்டி, நடுவில் கிண்ணம். விளிம்பிலிருந்து வயிறுவரை ஒரு விரிசல். உள்மெருகு சாம்பல் பூத்துப்போயிருந்தது.

ஃபாதர் அதை வாங்கி, விரிசலில் கட்டை விரலை ஓட்டிப் பார்த்தார். அவர் முகம் சிரிப்பில்லாமல் இருந்து நான் பார்த்தது அப்போதுதான். எதிர் வீட்டு அம்மாவுக்கு விஷயம் புரிந்து கண் கலங்கிவிட்டது. ஃபாதர் உடனே அவர் கையைப் பிடித்து, உங்கள்மேல் தப்பில்லை, இந்த வீட்டில் அந்த இயந்திரம் ஒரு பீரோ என்று ஆங்கிலத்தில் சொன்னார். அந்த அம்மாவுக்கு அது இன்னும் குழப்பமாகப் போனது. யாழ்ப்பாண அங்கிள் தொண்டையைச் செருமினார். "ஊரில திருவோடு வெடிச்சால் எறியிறேல்ல ஃபாதர். தைப்பினம்." லேப் அங்கிள், எபாக்சி பசை இருக்கிறது, விமானத்தையே ஒட்டும் என்றார். ஆன்ட்டி அவர் கையைத் தட்டிவிட்டார். "குடிக்கிற பாத்திரத்துல எபாக்சியா? கையை எடுங்க" என்றார். "தைக்கிறது என் வேலை. நாளைக்குக் காலைல எல்லாரும் வாங்க."

மறுநாள் காலை அந்தச் சாப்பாட்டு மேசை அறுவை அரங்காக மாறியிருந்தது. ஆன்ட்டி மூக்குக்கண்ணாடிமேல் இன்னொரு கண்ணாடி மாட்டியிருந்தார். லேப் அங்கிள், கப்பல் பொம்மைகள் செய்வதற்காக வைத்திருந்த சின்னத் துளைக்கருவியால், விரிசலின் இருபுறமும் ஊசி போகும் அளவு துளை போட்டுத் தந்தார். எதிர் வீட்டு அம்மா பூசணி அப்பத்தோடு வந்தவர், தானே முன்வந்து, கிண்ணத்தை அசையாமல் பிடித்துக்கொண்டார். ஆன்ட்டி கறுப்பு நைலான் இழையை ஊசியில் கோத்து, ஒரு பக்கம் நுழைத்து, மறுபக்கம் இழுத்து, முடிச்சிட்டு, வெட்டி, அடுத்த துளைக்குப் போனார். அந்த விரல்களின் லாகவத்தை நான் வாய் பார்த்துக்கொண்டு நின்றேன். பேஜர் துடித்தது, என்னைப் பார்த்து, அதை அணைத்துவிடு என்று கண்ணைக் காட்டினார். குக்கர் விசில் அடிக்க அன்று அடுப்பில் எதுவும் இல்லை. இத்தனை நாளும் நழுவவிட்ட கிண்ணம் அவர் இரண்டு கைகளிலும் வந்து உட்கார்ந்துகொண்டது; கீழே வைக்க வழியில்லை.

பாதித் தையலில், நிமிராமல், கேட்டார்: "இதைக் குடுக்கும்போது அந்தம்மா என்ன சொன்னாங்க ஃபாதர்?"

"ஒண்ணும் சொல்லல. வச்சா, திரும்பிப் போயிட்டா. வழியனுப்ப நிக்கிற வழக்கம் அவங்களுக்கு இல்ல."

இன்னும் இரண்டு முடிச்சு விழுந்தது. பிறகு ஆன்ட்டி பேசினார், ஊசியிடம் பேசுவதுபோல. படிப்பு முடிந்து இங்கே மேற்பயிற்சிக்குக் கிளம்பியபோது, தூத்துக்குடிப் பக்கம் ஒரு கன்னியாஸ்திரீகள் ஆஸ்பத்திரியில் ரெண்டு வருஷத்தில் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாராம். அவர் உட்கார்ந்த நாற்காலியை அந்தப் பெரிய சிஸ்டர் ரொம்ப நாள் வேறு டாக்டருக்குக் கொடுக்காமல் வைத்திருந்தாராம். "நான் வரமாட்டேன்னு எனக்குத் தெரிஞ்சப்புறமும் அவங்களுக்குச் சொல்லவே இல்ல. போன் பண்ணா, சீக்கிரம் வந்துடறேன் சிஸ்டர்னே சொல்லிட்டிருந்தேன்." லேப் அங்கிள் துளைக்கருவியைத் துடைத்துக்கொண்டே நின்றார், அவருக்கே அது புதுச்செய்தி போலிருந்தது. ஃபாதர் ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று நான் எதிர்பார்த்தேன். அவரோ கிண்ணத்தின் மறுபுறத்தைப் பிடித்துக் கொஞ்சம் தன் பக்கம் திருப்பிக் கொடுத்தார், ஊசிக்கு வசதியாக.

கடைசி முடிச்சை இறுக்கி, கோயிலில் எரிந்து மீந்த மெழுகுத்திரித் துண்டுகளை உருக்கி உள்ளே தடவினார்கள். ஆன்ட்டி குழாயில் தண்ணீர் பிடித்து ஏந்திப் பார்த்தார். ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. பிறகு அந்தத் தண்ணீரைத் தானே ஒரு மடக்குக் குடித்துவிட்டு ஃபாதரிடம் நீட்டினார்.

"ஜனவரி ஃபர்ஸ்ட் வீக் கிளம்புங்க. ஆனா கைத்தடி இல்லாம ஒரு அடி வைக்கக் கூடாது. தினமும் ஆத்துல நீச்சல் அடிக்கணும், அதான் எக்ஸர்சைஸ். கேக்கலைன்னா நானே அங்க வந்து முட்டியை உடைப்பேன்."

"உடைச்சா தச்சிருவியே" என்றார் ஃபாதர். யாழ்ப்பாண அங்கிள், இனியாவது பாயசம் கிடைக்குமா என்று கேட்டார்.

புத்தாண்டு பிறந்தது. உலகத்துக் கணினிகள் எதுவும் குழம்பவில்லை. என் வேலைக்கு அர்த்தமே இல்லாமல் போனதுபோல எனக்குத்தான் கொஞ்சம் ஏமாற்றம். ஃபாதரை விமான நிலையத்துக்கு நான்தான் ஓட்டிக்கொண்டு போனேன். பின்சீட்டில் ஆன்ட்டி. பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பது எந்த ஊர் வழக்கம் என்று கேட்டு, தையல் போட்ட கிண்ணம் நிறைய முறுக்கு சுற்றி அடுக்கி, பழைய வேட்டியில் கட்டிக் கொடுத்திருந்தார். அந்தப் பயணத்தில்தான் முதல்முறையாக ஃபாதர் என் காரில் கைப்பிடியைப் பிடிக்காமல் வந்தார். இரண்டு கையும் கிண்ணத்தில் இருந்தன.

அந்த ஊருக்குப் போய்வரும் படகுக்காரர்கள் மூலம் செய்தி வர மாதங்கள் பிடித்தன. ஆறு ஏறியதும் எல்லை நடை நடந்துவிட்டது. துப்பாக்கிகள் எதிரே வந்தன, நடந்தவர்களின் எண்ணிக்கையைப் பார்த்துத் திரும்பிப் போயின. முறுக்கை அந்த ஜெபத்தலைவி நடை தொடங்கும்வரை திறக்கவே இல்லையாம். காட்டுக்குள் முதல் எல்லை மரத்தடியில் உட்கார்ந்து உடைத்து எல்லாருக்கும் பங்கிட்டாராம். விருந்தாளிகளுக்கு இப்போது தையல் போட்ட கிண்ணத்தில்தான் ஊற்றுகிறார். அந்தக் கறுப்பு முடிச்சுகளைப் பிள்ளைகள் தொட்டுத்தொட்டுப் பார்க்கிறார்களாம். இந்த ஆண்டுத் தொடக்கத்தில் அந்த வழியாக வந்த ஒரு கன்னியாஸ்திரீ, ஆன்ட்டியிடம் ஒரு பொட்டலம் கொடுத்துவிட்டுப் போனார். பிரித்தால், வறுத்த மரவள்ளி மாவு நிரம்பிய புதுக் கிண்ணம். தைத்த கைக்கு அந்த அம்மா கொடுத்தனுப்பியது. பரிசு என்று நினைத்து நாங்கள் எல்லாரும் நெகிழ்ந்துபோனோம். யாழ்ப்பாண அங்கிள்தான் விரலை உயர்த்தினார். "பிள்ளை, அது பரிசு இல்லை. இரவல்."

இரவலைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுக்க நான் கிளம்புகிறேன், அதனால்தான் அது இப்போது என் மேசையில் சாய்ந்து கிடக்கிறது. பங்குச்சந்தை விழுந்ததில் எங்கள் கம்பெனி, கோடையில் எல்லாரும் சம்பளமில்லாமல் விடுப்பு எடுத்துக்கொள்ளுங்கள் என்று மிக மரியாதையாகச் சொல்லிவிட்டது. ஆபீஸ் பார்க்கில் பாதி நாற்காலிகள் காலி. தோழிகள் எல்லாரும் கவலையில் இருக்கிறார்கள். நான் மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டுக்கொண்டு, பாதியில் விட்ட ஸ்பானிஷ் பாடத்தை மறுபடி திறந்திருக்கிறேன். ஊசி போட்டது ஆன்ட்டி. எனக்குப் போட்ட கையோடு தன் கையையும் நர்ஸிடம் நீட்டினார். "நீ மட்டும் போயி என்ன பண்ணப் போற? தையல் போட்டவதான் பிரிக்கணும்" என்றார். பிரிக்கிற தையலா அது என்று நான் கேட்கவில்லை. போகிற வழியில் எங்கும் தங்க மாட்டோம். வருகிற வழியில் அவர் தூத்துக்குடிக்கு டிக்கெட் போட்டிருக்கிறார், அந்தப் பெரிய சிஸ்டர் இன்னும் இருக்கிறாராம். உலக வரைபடத்தில் அது எந்த வகையிலும் வருகிற வழி இல்லை. நான் அதையும் கேட்கவில்லை.

கிண்ணம் நிறைய என்ன கொண்டுபோவது என்று வீடுவீடாகச் சண்டை நடக்கிறது. பருத்தித்துறை வடை என்கிறார் அங்கிள், முறுக்கேதான் என்கிறார் ஆன்ட்டி. அது தீரும்வரை நான் இதில் காபி குடித்துக்கொள்கிறேன். இந்தப் பக்கங்களை எழுதியதும் அப்படித்தான்: இடது கையால் மடியில் அணைத்த கிண்ணம், வலது கையால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டிக்கொண்டு, இடையில் எழுந்து போக முடியாமல். வாழ்க்கையில் நான் தொடங்கி முடித்த முதல் காரியம் இதுவாகத்தான் இருக்கும்.

காபி தீர்ந்துவிட்டது. இனி கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியதுதான்.